சகி மையம்: எட்டு மாதம் போய்வந்த ஒரு பெரியம்மா எழுதுவது

எந்த மாவட்டத்து மையம் என்று எழுத மாட்டேன். ஒரு இடத்தைப் பற்றி எழுதும்போது விலாசத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும், தெரியும். ஆனால் ஊரைச் சொன்னால் நாங்கள் யார் என்று நாலு பேருக்குப் புரிந்துவிடும். அந்த நாலு பேரில் ஒருவர் வாய்வழியாக, என் தங்கை மகள் இப்போது இருக்கும் இடம் போகக்கூடாத காதுக்குப் போய்ச் சேரும். தபால் துறையில் 34 வருடம் வேலை பார்த்து போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவள் நான். ஒரு விலாசம் எப்படியெல்லாம் கசியும் என்று எனக்குத் தெரியும்.

அவளைப் பாப்பா என்றே எழுதுகிறேன். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். வயது 27.

சகி என்பது ஒருங்கிணைந்த சேவை மையம். அரசு வைத்த பெயர் அது. மருத்துவமனைக் காவலாளி முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோரும் சொல்வது ஒன் ஸ்டாப் சென்டர். 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு உருவான நிர்பயா நிதியிலிருந்து, 2015 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க மாவட்டந்தோறும் வந்தவை இவை. அடிபட்ட பெண், துரத்தப்படும் பெண், வீட்டை விட்டு வெளியேறிய பெண் யார் போனாலும் மருத்துவம், போலீஸ், வக்கீல், மன ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்கும் இடம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது திட்டம். 24 மணி நேரமும் திறந்திருக்கும். காசு கிடையாது. எங்களிடம் எட்டு மாதத்தில் ஒரு ரூபாய்கூட யாரும் கேட்கவில்லை, டீ வாங்கித் தரச் சொல்லவும் இல்லை.

மையத்தைப் பற்றிச் சொல்லுமுன் நாங்கள் அங்கே ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு மார்க் போடுகிறேன் என்று புரியாது.

பாப்பாவின் கல்யாண வாழ்க்கை இரண்டரை வருடம் நீடித்தது. அந்த இரண்டரை வருடமும் அவள் எங்கே இருந்தாலும் அவள் புருஷனுக்குத் தெரிய வேண்டும். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் வீடியோ கால். மதியம் சாப்பிடும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போனைச் சுற்றிக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போதும் அரைமணிக்கு ஒருதரம் அழைப்பு வரும். நான் அவளிடம், "உங்க பெரியப்பா முப்பது வருஷத்துல ஒருநாள் சாப்டியான்னு கேட்டதில்ல, நீ குடுத்து வச்சவ" என்றே சொல்லியிருக்கிறேன். அவள் ஒன்றும் பேசாமல் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அன்று நான் படிக்காமல் விட்டதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

முதல் அறை ஏழாவது மாதம் விழுந்திருக்கிறது. எங்களுக்குச் சொல்லவில்லை. 2024 செப்டம்பரில் கிரைண்டர் மேடையில் தலை இடிக்கத் தள்ளியதோடு பையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

பத்தாவது நாள், அவள் கம்பெனி பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு எதிர் டீக்கடையில் அவன் நின்றிருந்தான். பேசவில்லை, கிட்டே வரவில்லை. பஸ் புறப்படும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு வெள்ளிக்கிழமை கோயிலில். பிறகு பல் டாக்டர் வீட்டு வாசலில். அந்த டாக்டரிடம் போவதை அவள் என்னைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நம்பரை பிளாக் செய்தால் வேறு நம்பர். எல்லாவற்றையும் பிளாக் செய்த பிறகு யு.பி.ஐ.யில் ஒரு ரூபாய் அனுப்புவான். கூடவே குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரு வரி. "பச்சை சுடிதார் நல்லா இருக்கு." அவள் அன்று பச்சை சுடிதார்தான் போட்டிருந்தாள். இன்னொரு நாள் இரவு 11 மணிக்கு: "லைட்டை அணைச்சுட்டுத் தூங்கு."

சொந்தக்காரர்கள் சொன்னது: "மனசு மாறிட்டாரு போல, பொண்டாட்டியப் பாக்காம இருக்க முடியல." நாங்கள் போன காவல் நிலையத்தில் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். "அடிச்சாரா? காயம் இருக்கா? ரோட்டுல நிக்கிறதுக்கெல்லாம் கேஸ் போட முடியுமாம்மா, புருஷன்தானே" என்றார்கள். கிரைண்டர் மேடைக் காயம் ஆறிப்போயிருந்தது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுத்தார்கள். அவனைக் கூப்பிட்டு இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன் என்னைப் பார்த்து, "வரேன் பெரியம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அதுவரை அவனை மாப்பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் ஒரு ராத்திரி 181-க்கு போன் செய்தேன். மகளிர் உதவி எண் அது. எடுத்த பெண் பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டார். இப்போது வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா, கதவு பூட்டியிருக்கிறதா என்று கேட்டார். எங்கள் மாவட்ட மையத்தின் நேர் எண்ணைத் தந்து, காலையில் போகச் சொன்னார். மறுநாள் போனீர்களா என்று திரும்ப அழைத்தும் கேட்டார். 181 பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மையம் இருப்பது அரசு மருத்துவமனை வளாகத்துக்குள். இது நல்ல ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எந்தப் பெண்ணும் போகலாம், யாரும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். முன்னறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை. உள்ளே ஐந்து கட்டில் போட்ட தங்கும் அறை. பேசுவதற்குத் தனி அறை, கதவைச் சாத்திக்கொள்ளலாம். மைய நிர்வாகி ஒருவர், வழக்குப் பணியாளர்கள், பாதுகாவலர், பன்முக உதவியாளர் என்று பலகையில் பெயர்கள் இருந்தன.

எங்களிடம் பேசியது முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு வழக்குப் பணியாளர். பாப்பா வழக்கம்போல அடி விழுந்ததிலிருந்து ஆரம்பித்தாள். எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். அந்தப் பெண் எழுதிக்கொண்டே வந்து, பேனாவை நிறுத்திக் கேட்டார்: "நீங்க எங்க இருக்கீங்கன்னு அவருக்கு எப்படிக்கா தெரியுது?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த கேள்வி: "கூட இருந்தப்பவும் இப்படித்தானா?"

பாப்பா அழுதாள். வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். வீடியோ கால், போனைச் சுற்றிக் காட்டியது, பில்லை வைத்து எத்தனை மணிக்குக் கடைக்குப் போனாள் என்று கணக்குப் பார்த்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. அந்தப் பெண் ஒரு தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் கல்யாணத் தேதியையும் மறுமுனையில் அன்றைய தேதியையும் எழுதினார். வீடியோ கால், அறை, கிரைண்டர், டீக்கடை, ஒரு ரூபாய் எல்லாம் அந்த ஒரே கோட்டில் வரிசையாக உட்கார்ந்தன. நாங்கள் வீட்டுக்குள் நடந்தது ஒரு பிரச்சினை, தெருவில் நடப்பது இன்னொரு பிரச்சினை என்று நினைத்திருந்தோம். காவல் நிலையமும் அப்படித்தான் நினைத்தது. அவன் மட்டும்தான் அதை ஒன்றாகப் பார்த்தவன். வாசல் தாண்டியதும் அவன் செய்துகொண்டிருந்த வேலை மாறவில்லை.

நான் ஐந்துக்கு நாலரை போடுவது இந்த ஒரு கோட்டுக்காகத்தான். சகி மையமோ, வக்கீலோ, காவல் நிலையமோ, நீங்கள் யாரிடம் போனாலும் இந்தக் கோட்டை அவர்களால் போட முடிகிறதா என்று பாருங்கள்.

அதன்பிறகு அவர் கேட்ட கேள்விகள் எனக்கு முதலில் விநோதமாக இருந்தன. கழுத்தை எப்போதாவது நெரித்திருக்கிறாரா? நீ இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று சொல்லியிருக்கிறாரா? உன்னைக் கொன்றுவிடுவேன் என்று? பிரிந்து வந்த பிறகு வருவது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் பாப்பா தலையை ஆட்ட ஆட்ட என் வயிறு கலங்கியது. இந்த மாதிரிக் கேள்விகளை அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் என்ற செவிலியர் ஆய்வாளர் 1980-களிலேயே ஒரு பட்டியலாகத் தொகுத்தார் என்று பிறகு படித்தேன். பின்தொடர்வதும் வேவு பார்ப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஜூடித் மெக்ஃபார்லேன் என்பவரோடு சேர்ந்து அவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, கணவனாலோ காதலனாலோ கொல்லப்பட்ட 141 பெண்களின் கதையை எடுத்துப் பார்த்தது. அதில் நூற்றுக்கு 76 பேர் சாவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் பின்தொடரப்பட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பல்கலைக்கழகத்தின் ஜேன் மாங்க்டன் ஸ்மித் குழு 2017-இல் 358 கொலைகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 94-இல் பின்தொடரும் நடத்தை இருந்தது. டீக்கடையில் நிற்பவனைப் பார்த்து "பாவம், பாசம்" என்று சொன்ன எங்கள் சொந்தக்காரர்களிடம் நான் இந்த எண்களைத்தான் சொன்னேன்.

வெளிநாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். நம் தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21-இல் எடுத்தது; கல்யாணமான தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே ஆய்வு பெண்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கிறது: எந்நேரமும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தாக வேண்டும் என உங்கள் கணவர் வற்புறுத்துகிறாரா? கணக்கெடுக்க வருகிறவர்களே கேட்கும் கேள்வியை, வீட்டில் பெரியவளாக இருந்த நான் கேட்கவில்லை.

இனி அந்த முதல் கேள்வி. எப்படித் தெரிகிறது? இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோண்டினோம். பாப்பாவின் போன் அவன் வாங்கிக் கொடுத்தது, அதிலிருந்த ஜிமெயில் கணக்கும் அவன் திறந்தது. பாஸ்வேர்டு அவனிடம் இருந்தது. பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அந்த மெயிலுக்குத்தான் வந்திருக்கிறது. கூகுள் மேப்பில் லொகேஷன் ஷேரிங் கல்யாணமான வாரமே போட்டு, நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் அவனுடைய லேப்டாப். சம்பளக் கணக்கில் பதிவாகியிருந்த மொபைல் எண் அவனுடையது, அதனால் அவள் 2,000 ரூபாய் எடுத்தால் எந்த ஏ.டி.எம். என்று அவனுக்கு எஸ்.எம்.எஸ். போகும். ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கப் போனோம், ஓ.டி.பி. அவன் போனுக்குப் போனது. இத்தனையும் குடும்பம் என்றால் சகஜம்தானே என்று எங்களில் எவர் வீட்டிலும் இருப்பவை.

பாப்பா உடனே எல்லாவற்றையும் நிறுத்தப் போனாள். வழக்குப் பணியாளர் தடுத்தார். முதலில் ஒவ்வொரு திரையையும் படம் எடுக்கச் சொன்னார், பாப்பாவின் போனில் வேண்டாம், என் போனில். எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்தால் அவனுக்குக் கோபம் ஏறும், அன்றைக்கே நேரில் வரலாம். ஆகவே யார் வீட்டில் இருப்பது, கதவு எது, பக்கத்து வீட்டில் யாரிடம் சொல்லி வைப்பது என்று முடிவு செய்த பிறகுதான் நிறுத்த வேண்டும் என்றார். எனக்கு இது தோன்றியிருக்காது.

அப்போதுதான் பாப்பா, "இன்னொண்ணு, விளம்பரம்னு நினைச்சேன்" என்று ஒரு செய்தியைக் காட்டினாள். தெரியாத டிராக்கர் ஒன்று உங்களுடன் பயணிக்கிறது என்று போனில் மூன்று தடவை வந்திருக்கிறது. வழக்குப் பணியாளர், வளாகத்தில் நிறுத்தியிருந்த அவளுடைய ஸ்கூட்டரிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், அந்தச் செய்தியில் ஒலி எழுப்பும் பொத்தானை அழுத்தச் சொன்னார். சீட்டுக்குள்ளிருந்து சிட்டுக்குருவி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடிப்பக்கம் ஸ்பான்ஜைக் கீறி, பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தான். எழுதிக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போன பிறகு வைத்தது அது.

சாவிக்கொத்தும் பெட்டியும் தொலையாமல் இருக்க விற்கும் சாமான் அது. ஆப்பிள் 2021-இல் ஏர்டேக் கொண்டுவந்தபின் பல கம்பெனிகள் விற்கின்றன. யாராவது இதை வைத்து உங்களைத் தொடர்ந்தால் போன் எச்சரிக்க வேண்டும் என்று ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து ஒரு பொது முறையை 2024 மே மாதம் கொண்டுவந்தன. ஆண்ட்ராய்டிலும் இப்போது வரும். செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசரநிலை என்ற பகுதிக்குள் போய் நீங்களே தேடச் சொல்லவும் முடியும். சிம் போட்டு ஓடும் ஜி.பி.எஸ். கருவியை இது பிடிக்காது, அதற்கு நம்பகமான மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுப் பார்க்க வேண்டும். கிடைத்தால் பயத்தில் குப்பையில் வீசிவிடாதீர்கள். அது சாட்சி. எங்களுடையதை அப்படியே படம் எடுத்து, கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதியும் நேரமும் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். பதிவுத் தபால் ஒட்டிப் பழகிய கை எனக்கு.

நோட்டுப் புத்தக யோசனையும் அங்கே கிடைத்ததுதான். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், ஆதாரம் என்ன என்று ஆறு கட்டம். தனித்தனியாகப் பார்த்தால் ரோட்டில் நின்றான், ஒரு ரூபாய் அனுப்பினான் என்று அற்பமாகத்தான் தெரியும். வரிசையாகப் பார்த்தால்தான் நீதிபதிக்கும் போலீசுக்கும் உறைக்கும் என்றார். நான் எழுதினேன். பாப்பாவை எழுதச் சொல்லவில்லை, திரும்பத் திரும்ப அதை அவள் தொட வேண்டாம் என்று. தபாலில் தேதி முத்திரை தெளிவாக விழவில்லை என்றால் அந்தக் கடிதத்துக்கு வாயில்லை என்பார் எங்கள் பழைய அதிகாரி ஒருவர். 61 பதிவுகள் ஆயின.

சட்ட விஷயம். இலவச சட்ட உதவியிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர் மையத்துக்கு வந்து பேசினார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. அதற்கான தொலைபேசி எண் 15100. அவர் சொன்னதில் முக்கியமாக இரண்டு.

ஒன்று, பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வதும், அவளுடைய மெயிலையோ இணையப் பயன்பாட்டையோ கண்காணிப்பதும் அதில் வரும். மத்தியச் சட்டப்படி முதல் தடவை மூன்று வருடம் வரை, மறுபடி செய்தால் ஐந்து வருடம் வரை சிறை. கணவனுக்கு விலக்கு என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை. "புருஷன்தானே" என்று எங்களைத் திருப்பி அனுப்பியதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. "தெளிவாகக் காட்டிய பிறகும்" என்று இருப்பதால் பாப்பாவை ஒரே ஒரு செய்தி அனுப்பச் சொன்னார்: உங்களோடு பேசவும் பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை, இனி எந்த வழியிலும் தொடர்புகொள்ள வேண்டாம். திட்டு இல்லை, காரணம் இல்லை, கேள்வி இல்லை. அதன்பிறகு எதற்கும் பதில் போடக்கூடாது, கோபத்தில்கூட.

இரண்டு, 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அதைச் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கான சட்டம் என்று நினைத்திருந்தேன். எப்போதாவது ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தாலே போதும். 18-வது பிரிவில் மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடலாம்: அவள் வேலை பார்க்கும் இடத்துக்கும் வழக்கமாகப் போகும் இடத்துக்கும் வரக்கூடாது, நேரிலோ போனிலோ எழுத்திலோ மின்னணு வழியிலோ எப்படியும் தொடர்புகொள்ளக்கூடாது. ஒரு ரூபாய்ச் செய்தி அந்தக் கடைசியில் வந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு உதவி செய்கிறவர்களையும் தொடக்கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. உத்தரவில் என் பெயரை வாசித்தபோது, இத்தனை நாள் நானும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

மையத்திலிருந்தே, இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போய் குடும்ப நிகழ்வு அறிக்கை, அதாவது டி.ஐ.ஆர்., பதிவு செய்தோம். நோட்டின் நகலை அதோடு இணைத்தார்கள். முதல் விசாரணை மூன்று நாளில் வர வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு 19 நாள் ஆனது. அன்றே இடைக்கால உத்தரவு கிடைத்தது. 60 நாளில் வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. நான் இதை எழுதும்போதும் வழக்கு முடியவில்லை.

உத்தரவு கிடைத்த மூன்றாவது வாரம் அவன் மறுபடி டீக்கடைக்கு வந்தான். இந்தத் தடவை பாப்பாவின் பையில் உத்தரவின் நகல் இருந்தது. அவசர உதவி எண் 112-க்கு அழைத்தாள். அந்த உத்தரவை மீறுவது ஒரு வருடம் வரை சிறைக்கோ 20,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத வகை. முன்பு ரசீது எழுதி அனுப்பிய அதே நிலையம்தான். இந்தமுறை அங்கிருந்த பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். "இத முதல்லயே கொண்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். முதலில் வந்தபோது எங்களிடம் நோட்டு இல்லை. ஆனால் கேட்கவும் யாரும் இல்லை. அன்று மாலையே வழக்குப் பதிவானது.

இப்போது குறைகள். அரை மார்க் குறைத்ததற்குக் காரணம் உண்டு. இரவு நேரத்தில் ஒரே ஒரு பணியாளர்தான் இருப்பார். நாங்கள் ஒருநாள் போனபோது அவர் ரத்தக் காயத்தோடு வந்த ஒரு பெண்ணைக் கவனித்துக்கொண்டிருந்தார், நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். காத்திருந்ததில் எங்களுக்கு வருத்தமில்லை, அவர் ஒருத்தியாக ஓடியதைப் பார்க்கத்தான் முடியவில்லை. இங்கே வேலை செய்கிறவர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். எங்கள் வழக்குப் பணியாளர் ஆறாவது மாதம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புதியவரிடம் பாப்பா முழுக் கதையையும் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. வழக்கறிஞர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். நீதிமன்றத்தோடு வீடியோவில் பேசுவதற்கென்று வைத்த கம்ப்யூட்டர் நாங்கள் போன எட்டு மாதமும் துணி போர்த்தியே இருந்தது. அது ஓடியிருந்தால் அவனிருக்கும் நீதிமன்ற வராந்தாவில் பாப்பா நாலு தடவை நிற்க வேண்டி வந்திருக்காது. ஐந்து நாள் தங்கும் வசதி பாப்பாவுக்குத் தேவைப்படவில்லை, என் வீடு இருந்தது. போக வீடில்லாத ஒரு பெண், கைக்குழந்தையோடு ஆறாவது நாள் வேறு இல்லத்துக்கு அனுப்பப்பட்டதைப் பார்த்தேன். ஐந்து நாளில் எந்தப் பெண்ணின் வாழ்க்கை நேராகிவிடும்?

மன ஆலோசனை பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. வயதில் மூத்த ஒரு ஆலோசகர் இருந்தார். சேர்ந்து வாழப் பாருங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பாப்பாவிடம் அவர் செய்தது பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்ததுதான். நான்காவது சந்திப்புக்குப் பிறகு பாப்பா முதல்முறையாக ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தாள்.

அவள் இப்போது வேறு ஊரில், வேறு நம்பரில், தன் பெயரில் தானே வாங்கிய போனோடு இருக்கிறாள். வேலையிடத்தில் இரண்டு பேருக்கு விஷயம் தெரியும், வரவேற்பில் இருப்பவருக்கு அவன் போட்டோ தெரியும். அவளுக்குத் தபால் எல்லாம் என் விலாசத்துக்கு வரும். நான் வேறு கவரில் போட்டு அனுப்புகிறேன், அனுப்புநர் விலாசம் எழுதுவது என் பழைய சிநேகிதி ஒருத்தியுடையதை.

போகிறவர்களுக்கு: ஆதார் நகல், கல்யாணப் போட்டோ அல்லது பத்திரிகை, சி.எஸ்.ஆர். ரசீது இருந்தால் அது, ஆஸ்பத்திரிச் சீட்டு. ஒன்றும் இல்லாவிட்டாலும் போகலாம், எங்களை முதல் நாள் எதுவும் கேட்கவில்லை. போகும்போது உங்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, வேறு யாருடையதாவது எடுத்துக்கொண்டு போங்கள். கெட்டி அட்டை போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தாள் கிழியாத தைத்த நோட்டு. காலை பத்து மணிக்கு மேல் வெளிநோயாளிகள் கூட்டம் அதிகம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அதற்கு முன் போவது நல்லது. பெயர்ப் பலகை சின்னதுதான். வாசலில் இருக்கும் காவலாளியிடம் ஒன் ஸ்டாப் சென்டர் என்று சொன்னால் கையைக் காட்டுவார். எதற்கு என்று கேட்க மாட்டார்.